நாற்பத்தொன்றாம் எண் ஒயின்

எங்கள் லேபில் அவளுக்குப் பெயர் நிதானம். பதினெட்டு வருஷமாகச் சிவப்பு ஒயினின் நிறத்தைச் சோதிக்கிறாள். நல்லதென்று தெரிந்த ஒயின் ஒன்றில் முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவாள். பக்கத்து மேஜைக்காரி நான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதற்காக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

பாட்டில்கள் எங்களுக்கு வெறும் எண்ணோடுதான் வரும். யாருடையது என்று தெரியக் கூடாது. ஆனால் ஒயின் தயாரிக்கும் அவள் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா? "நாப்பத்தொண்ணு நம்மளது" என்று முந்தின நாளே போனில் உளறிவிட்டார். சாயம் கலந்ததாகத் தெரிந்தால் அவர் லைசென்ஸ் போய்விடும், கிடங்கிலிருக்கும் அத்தனையும் சாக்கடைக்குப் போகும்.

சோதனை என்னவோ எளிதுதான். சல்ஃபைட் கரைசல் ஊற்றினால் திராட்சையின் சிவப்பு வெளுத்துவிடும். கடைச் சாயம் வெளுக்காது.

அன்று பதற்றத்தில் அவள் நேராக நாற்பத்தொன்றை எடுத்து ஊற்றினாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. சிவப்பு அப்படியே நின்றது. கையுறையைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தாள்.

"அண்ணா, உண்மையச் சொல்லு. சாயம் கலந்தியா?"

"நீயா கேக்குற?" என்ற குரல் எனக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டார்.

"அடிப்பாவி, தெரிஞ்ச ஒயின்ல பாத்தியா?" என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று. நானே ஊற்றிப் பார்த்தேன். எங்கள் நல்ல ஒயினும் வெளுக்கவில்லை! பழைய கரைசல், காற்றுப்பட்டு வீரியம் போயிருந்தது.

அதிகாரியிடம் போய் அண்ணன் விஷயம் உட்பட எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாள். புதுக் கரைசலோடு சோதனையை நான் செய்தேன். முதலில் எங்கள் ஒயின், பிறகு நாற்பத்தொன்று. இரண்டும் ஒன்றுபோல வெளுத்தன.

"வெளுத்துடுச்சுடி!" என்று கத்தினேன். அவள் அண்ணனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் வாங்க வந்தார். "அண்ணா, தப்பு என்னுதுதான்" என்று எழுந்து நின்றாள். அவர் என் கையிலிருந்து தாளை வாங்கி, கடைசி வரி வரை படித்து, மடித்துப் பையில் வைத்தார்.

"தெரிஞ்ச ஒயின்னு ஒண்ணு வெச்சிருப்பீங்களாமே," என்றார் என்னிடம். "சந்தேகம் வந்தா மொதல்ல அதத்தான் பாப்பீங்களாம். என் தங்கச்சி அடிக்கடி சொல்லுவா."

அவளைத் திரும்பிப் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.