சுவரில் இருந்த வறண்ட பூமி

ஈப்போவில் நான் வழக்கமாகப் போகும் காபிக்கடைச் சுவரில், அழகுக்காக ஒரு பழைய அமெரிக்க நிலப்படத்தை மாட்டியிருந்தார்கள். மழை காணாத பூமி. மாட்டுப் பண்ணைகளும் பழங்குடியினருக்கு ஒதுக்கிய நிலமுமாக இருந்தது. பக்கத்து வங்கியின் காவலாளி, நரைத்த மீசைக்காரர், தினமும் அதன் முன் நின்றபடியே தேநீர் குடிப்பார்.

"அப்படி என்னண்ணே பாக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெறும் பொட்டக்காடுதான் இது. ஆனா ஒத்தக் கிணத்துக்குக்கூட பேரு போட்டிருக்கான். செமோர் பக்கம் எங்க ரப்பர் எஸ்டேட்ட போன்ல தேடினா, அதுமேல புதுசா கட்டின தாமான் வீடுங்க பேருதான் வருது. நான் அங்க இருந்தேன்னு சொன்னா, ஆமான்னு சொல்லவும் இப்ப ஆளில்ல."

அடுத்த ஞாயிறு அவரைக் காரில் அங்கே அழைத்துப் போனேன். வரிசை வீடுகளுக்கு நடுவே நடந்தவர், ஒரு வீட்டு கேட் முன் நின்றுவிட்டார். உள்ளிருந்து வந்த பெண், யாரைத் தேடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டாள்.

"யாரையும் இல்லை" என்று மலாயிலேயே சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "போலாம்."

எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்த அந்தத் தெருவில், எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.