செவலைக்குக் காட்டாத தண்ணீர்

எங்கள் பெரியப்பா விழுப்புரம் ரயிலடியில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுவில் ஆட்டோக்கள் வந்து சவாரிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம். சவாரி குறையக் குறைய ஜட்காக்காரர்களுக்கு ரோஷம் மட்டும் கூடிக்கொண்டே போனது. அந்த ரோஷத்தில் பிறந்ததுதான் குதிரைவண்டிப் பந்தயம். திண்டிவனத்தில் புறப்பட்டு, ரோட்டோடு விழுப்புரம் வந்து சேரவேண்டும்.

பெரியப்பாவின் குதிரைக்குச் செவலை என்று பெயர். ஓட்டுவது பெரியப்பா என்றாலும் வளர்த்தது பெரியம்மாதான். அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு கை கல்லுப்பைப் போட்டுக் கலக்கித் தினமும் வைப்பாள். கெடாரில் அவள் பிறந்த வீட்டில் ஏர் மாடுகளுக்கு அப்படித்தான் வைப்பார்களாம். செவலை மூக்கு முங்கக் குடித்துவிட்டுக் காலி வாளியைத் தலையால் முட்டித் தள்ளும். கோடை லீவுக்கு அங்கே போயிருந்த எனக்கு அதைப் பார்ப்பதே ஒரு விளையாட்டு.

பந்தயக்காரர்களுக்கோ வேறு சாஸ்திரம். முந்தின நாள் சாயங்காலத்தோடு குதிரைக்குத் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். வயிறு ஒட்டினால்தான் கால் பறக்குமாம். ஓடி வேர்த்த குதிரைக்கு நடுவழியில் தண்ணீர் காட்டினால் குடல் முறுக்கிக்கொள்ளுமாம். யார் எப்போது கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் அடிக்க வருவார்கள்.

“வெயில் நேரம். ஒரு வாய் உப்புத்தண்ணியாவது காட்டிட்டுப் போங்க” என்றாள் பெரியம்மா.

“பந்தயத்துல ஓடப்போறது நீயா, குதிரையா? போயி வேலையப் பாருடி” என்றார் பெரியப்பா. வாளியைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்.

விடியற்காலையில் தொடங்கவேண்டிய பந்தயம். கொடி அசைக்க வரவேண்டிய பெரிய மனிதர் குளித்து, சாப்பிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டதாம். மாலையும் பொன்னாடையுமாக அவருக்கு மரியாதை நடந்து முடியும்வரை குதிரைகள் தார் ரோட்டில் நின்றிருந்தன. அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பெரியம்மா சும்மா இருக்கவில்லை. பரணிலிருந்து வாளியை இறக்கி, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி விக்கிரவாண்டியில் இறங்கினாள். ஒரு டீக்கடையில் தண்ணீர் வாங்கி, முந்தானையில் முடிந்து வந்த உப்பைக் கரைத்து, ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றாள். வெகுநேரம் காத்திருந்த பிறகு செவலை வந்தது. உடம்பெல்லாம் நுரை காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. பெரியம்மாவைப் பார்த்ததும் தானாகவே ஓரம் கட்டி நின்று, வாளியை நோக்கிக் கழுத்தை நீட்டியது.

பெரியப்பா வண்டியிலிருந்து குதித்தார். “இன்னாடி பண்ணிக்கினு இருக்க? என் குதிரைய சாவடிக்கப் பாக்கறியா?” என்று கத்திக்கொண்டே வந்து வாளியை எட்டி உதைத்தார். தண்ணீர் முழுக்க மண்ணில் கொட்டியது. செவலை ஈரமண்ணை முகர்ந்தது. அதற்குள் முதுகில் சாட்டை விழுந்தது.

நாங்கள் பஸ் பிடித்து விழுப்புரம் வந்தபோது செவலை ஜெயித்திருந்தது. கழுத்தில் மாலை, சுற்றிலும் பட்டாசு. ஆனால் அதன் தொடைச்சதை துடித்துக்கொண்டே இருந்தது. வேர்வை நின்று தோல் காய்ந்துபோயிருந்தது. இப்போது ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார்கள். செவலை வாய் வைக்கவில்லை. வேர்வையோடு உப்பும் போய்விடும், அதிகமாகப் போய்விட்டால் குதிரைக்குத் தாகமே தெரியாமல் போய்விடும் என்று பல வருஷம் கழித்து ஒரு கால்நடை டாக்டர் எனக்குச் சொன்னார். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் சொன்னது கண்திருஷ்டி. ஒரு கை உப்பை எடுத்துக் குதிரையைச் சுற்றி நெருப்பில் போட்டார்கள். அது படபடவென்று வெடித்ததைப் பார்த்து, எவ்வளவு திருஷ்டி என்று வியந்தார்கள். செவலை முன்னங்கால் மடிந்து விழுந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

“நல்லாத்தானேய்யா வந்துச்சு? வழியில தண்ணி கிண்ணி காட்டினியா?” என்று ஒரு ஜட்காக்காரர் கேட்டார்.

பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். பிறகு பெரியம்மாவை நோக்கிக் கை நீட்டினார். “இவதான். விக்கிரவாண்டில வாளியத் தூக்கிக்கினு வந்து நின்னா.”

“நீங்கதான் வாளிய ஒதைச்சிட்டீங்களே பெரியப்பா! செவல குடிக்கவேயில்ல!” என்று கத்தினேன்.

கன்னத்தில் பளீரென்று விழுந்தது. அடித்தது பெரியப்பா அல்ல, பெரியம்மா. அதுவரை அவள் என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை.

“சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்? நான்தான் குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சிடுச்சி” என்றாள் எல்லாரையும் பார்த்து.

பெரியப்பா அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஊரே கேட்க அழுதார். பொம்பளைப் புத்தியால் ஒரு நல்ல குதிரை போய்விட்டதே என்று எல்லாரும் அவரைத் தேற்றினார்கள். பெரியம்மாவைத் தேற்ற ஒருவரும் வரவில்லை.

அடுத்த வருஷம் வேறு குதிரை வந்தது. அதன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெரியம்மா போகக்கூடாது என்று உத்தரவு. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் செவலையின் கதையைப் பெரியப்பா சொல்வார். அவர்களுக்கு அவள் காபி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அவளிடம் கேட்டேவிட்டேன். “செவல குடிக்கலன்னு ஒனக்குத் தெரியுமில்ல? ஏன் பெரியம்மா அப்படிச் சொன்ன?”

“குதிர போயிடுச்சிடி. இந்த ஆளுகூட நான் இன்னும் குடும்பம் நடத்தணுமில்ல” என்றாள்.

குதிரை செத்ததற்கும் குடும்பம் நடத்துவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் மறுபடி அடிப்பாளோ என்று வாசலுக்கு ஓடிவிட்டேன்.