நான்காம் எண் தகடு

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்தாவது மாதம், டொராண்டோவிலிருந்து மகள் எனக்குக் கலிம்பா என்று ஒரு வாத்தியம் கொடுத்தனுப்பினாள். ஊருக்கு வந்த அவளுடைய தோழி ஒருத்தி தஞ்சாவூர் வீட்டுக்கே கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற மரப்பெட்டி. நடுவில் வட்டமாக ஒரு துளை, மேலே பதினேழு இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். கட்டைவிரல் நகத்தால் தட்டினால் சின்ன மணி அடித்தாற்போலச் சத்தம் வரும். தகடுகளை முன்னே பின்னே நகர்த்திச் சுருதி சேர்க்க, விரல் நீளத்தில் ஒரு சுத்தியலும் அதன் பையில் இருந்தது.

"தினம் அரை மணி நேரம் வாசிம்மா. ஸ்ட்ரெஸ்ஸுக்கு அவ்வளவு நல்லது. பாட்டெல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல" என்றாள் மகள் போனில்.

அவள் கவலைப்பட்டதில் தப்பில்லை. வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்க் கிடந்தவரை நான் ஒருத்தியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைப்பது, பெட்பேன் வைப்பது, கஞ்சி ஊட்டுவது, புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது. எனக்குப் பிரஷர் மாத்திரை ஒன்று இரண்டாகியிருந்தது.

அவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். ஆனால் ஊரில் அவரைத் தெரிந்ததெல்லாம் எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்தியவராகத்தான். பொல்லாத காது. ஓடுகிற மின்விசிறியைப் பார்த்து, "இது அரைச் சுருதி இறங்கி ஓடுது" என்பார். நன்றாகப் பாடுகிற பையன்கள் ஒவ்வொருவராகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் கிளம்பிப் போன வருஷங்கள் அவை. ஒரத்தநாடு பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து பாடிய அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒரே வருஷத்தில் போனார்கள். குரல் குறையக் குறைய அவருக்குக் கோபம் ஏறியது.

ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில் ஆர்மோனியத்தை நிறுத்தினார். என்னையும் சேர்த்துப் பதினோரு பேர்தான் மிச்சம். நேராக என்னிடம் வந்தார்.

"நீ பாடாத. வாய மட்டும் அசை. ஆளு கொறையுதேன்னு நிக்க வெச்சிருக்கேன், அவ்வளவுதான்."

யாரோ சிரித்தார்கள். முதல் பெஞ்சில் ஒன்பது வயது மகள் உட்கார்ந்திருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பது பிள்ளைகள் என் குரலுக்கு அடங்குவார்கள். அன்றிலிருந்து பதினேழு கிறிஸ்துமஸுக்கு, கரையிட்ட வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, சத்தம் வராமல் வாயை அசைத்தேன். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது முனகினால்கூட, "அந்தத் தொண்டைய மூடு" என்று கூடத்திலிருந்து குரல் வரும். விருந்தாளிகளிடம் இதை வேடிக்கையாகச் சொல்லிக் காட்டுவார்.

கலிம்பா வந்த மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, அவரைத் தனியாக விட முடியாததால் கட்டில் பக்கத்திலேயே நாற்காலி போட்டு வாசித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் அவருடைய இடது கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்தது. வலிப்பு வருகிறதோ என்று பயந்து நிறுத்தினேன். கை தளர்ந்தது. மறுபடி வாசித்தேன். மறுபடி பிடித்தார்; முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

எனக்கு விளங்கவே கொஞ்சம் நேரமாயிற்று. ஏதோ ஒரு தகடு பயணத்தில் நகர்ந்திருக்கிறது. என் காதுக்கு அது தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு தகடாகத் தட்டி, அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்று, ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று, ஒன்றுமில்லை. நான்கைத் தட்டியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். உறுதி செய்துகொள்ள இன்னும் ஐந்தாறு தடவை தட்டினேன்.

பிறகு எழுந்துபோய், சுத்தியலை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

தினமும் மூன்று மணிக்கு வாசித்தேன். எந்தப் பாட்டை எடுத்தாலும் நான்காம் எண்ணில் வந்து நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். அவருக்குக் கண்ணீர் வழியும். பிசியோதெரபிக்கு வருகிற பெண் ஒருநாள் சீக்கிரமே வந்தவள், அதைப் பார்த்து உருகிவிட்டாள்.

"சார் எப்படி ரசிக்கிறாங்க பாருங்க மேடம்!"

"ஆமாம்மா. அவருக்கு மியூசிக்னா உசுரு."

அவள் சொல்லி அது போதகர் காதுவரை போயிற்று. ஞாயிறு பிரசங்கத்தில், நல்ல மனைவிக்கு உதாரணமாக என்னைச் சொன்னார். நானும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் சொன்னது உண்மைதான். மனசு லேசாயிற்று. படுத்ததும் தூக்கம் வந்தது. டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு மாத்திரையை ஒன்றாகக் குறைத்தார். என் கணவருக்கு ஒரு படுக்கைப்புண் வர நான் விட்டதில்லை. கஞ்சியின் சூட்டைக் கையில் விட்டுப் பார்க்காமல் ஊட்டியதில்லை. அந்த அரை மணி நேரம் மட்டும் எனக்கு வேண்டியிருந்தது.

ஜனவரியில் மகள் மூன்று வார லீவில் வந்தாள். நான் வாசிப்பதைக் கேட்டதும் போனில் சுருதி காட்டுகிற எதையோ திறந்து பக்கத்தில் வைத்தாள்.

"நாலு ரொம்ப எறங்கியிருக்கேம்மா. சுத்தியல் எங்க?"

"எங்கயோ தொலைஞ்சுபோச்சு."

சனிக்கிழமை, மறுநாள் ஆராதனைக்குக் கட்டிக்கொள்ள என் பீரோவில் புடவை தேடியவள், சுத்தியலோடு அடுக்களைக்கு வந்தாள். அதை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"தெரிஞ்சேதானா?"

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

அவள் போய்த் தகட்டைச் சரிசெய்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். வாசற்படியிலிருந்து பார்த்தேன். அவருடைய இடது கை விரிந்து, மல்லாந்து கிடந்தது. முகத்தில் கோணல்கூடக் குறைந்தாற்போல இருந்தது. மிச்சமிருந்த இரண்டு வாரமும் அவள்தான் வாசித்தாள். எனக்குத் தலை வலித்தது, தூக்கமும் போயிற்று.

கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே வேணாம்மா. அவர் செஞ்சது எனக்கும் தெரியும். நானும் அங்கதான் இருந்தேன். ஆனா வேணாம்."

"சரி" என்றேன்.

கார் திருச்சி விமான நிலையத்துக்குப் போயிருக்கும். மூன்று மணிக்குச் சுத்தியலை எடுத்து, நான்காம் தகடு பழையபடி இறங்கும்படி மேல்முனையில் இரண்டு தட்டுத் தட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன்.

இந்தத் தடவை அவர் கம்பியைப் பிடிக்கவில்லை. என் பக்கம் தலையைத் திருப்பினார். உதடு கூடிக் கூடிப் பிரிந்தது. எச்சில் வழிந்தது. வெகுநேரம் அப்படியே முயன்றார்.

"போதும்."

தெளிவாகச் சொன்னார். விழுந்த பதினோரு மாதத்தில் முதல் வார்த்தை. 'தண்ணி' என்று சொல்லவைக்க பிசியோ பெண் எத்தனையோ நாள் மன்றாடியிருக்கிறாள்.

நான் வாசித்துக்கொண்டிருந்ததை முடித்தேன். அப்புறம் துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். "அப்பா ஏதாச்சும் பேச முயற்சி பண்றாராம்மா?"

"இல்லம்மா. அப்படியேதான் இருக்கார்."

அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவே இல்லை. இரண்டு மாதத்தில் போய்விட்டார். துக்கம் கேட்க வந்த பிசியோ பெண், இப்போது தான் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவரைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னாள்.

"அவருக்கு ஒரு வார்த்தை வந்துருச்சு மேடம். ஒண்ணு வந்துட்டா போதும், அதப் புடிச்சுக்கிட்டு மத்ததையும் கொண்டாந்துரலாம். சாருக்குத்தான் அந்த ஒண்ணு வரவே இல்ல."

"காபில சர்க்கரை போடவாம்மா?" என்று கேட்டேன்.