அக்காவுக்குப் பால் வற்றிய கோடை

அக்காவுக்கு இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தது. எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் பேறுகாலம் முடிந்து முதல் மாதம் கோவில்பட்டியில் என் வாடகை வீட்டில்தான் இருந்தாள். ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்பும் முன் பூண்டுக் குழம்பும், கிடைத்த நாளில் கருவாடும் வைத்துக் கொடுப்பேன். பால் நன்றாகவே ஊறியது. குழந்தை குடித்து முடித்து, வாயோரம் பால் வழியத் தூங்கும்.

பிறகு விளாத்திகுளம் பக்கம் தன் புகுந்த வீட்டுக்குப் போனாள். அத்தான் ஆடு மேய்ப்பவர். அந்த வருஷம் பருவம் தப்பிப் பெய்த மழையில் அவர்கள் புஞ்சையில் மிளகாய்ச் செடி அழுகிப்போயிருந்தது. மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறும் புளி ரசமும்தான். ஆடுகள் விற்பதற்கு மட்டும். நான் கீரை வாங்கிப் போனால் அக்காவின் மாமியார் தடுத்துவிடுவார்.

"பால் குடுக்குதவ கீரை திங்கக் கூடாது தாயி. பிள்ளைக்குப் பச்சையாப் போவும்."

அவரைக் குறை சொல்ல மனம் வராது. அவர் தட்டிலும் அதே சோறு, அதே ரசம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் முட்டை, கொய்யாப்பழம், பாசிப்பயறு என்று கொண்டுபோவேன். எல்லாவற்றையும் அக்கா மூத்தவளுக்கே கொடுத்துவிடுவாள். அங்கன்வாடியில் தாய்க்கென்று தந்த சத்துமாவும் உருண்டையாகி அந்தப் பிள்ளை கைக்கே போனது. ஒரு நாள் நானே முட்டையை அவித்து உரித்து, அக்கா கையில் வைத்து எதிரே உட்கார்ந்தேன். மூத்தவள் கதவு நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்கக்கூட இல்லை.

"நீ தின்னுக்கா. அவளுக்கு வேற அவிச்சுத் தாரேன்."

"அந்தா பாக்காள்லா. பிள்ளை பாக்கையில எப்பிடிட்டி தொண்டையில எறங்கும்?"

பாதியைப் பிட்டு அவளுக்கு ஊட்டினாள். மீதியை அத்தானுக்கென்று மூடி வைத்தாள்.

வெயில் ஏறியதும் அழுகாமல் தப்பிய காடுகளில் மிளகாய்ப் பழம் பறிக்க ஆள் கூப்பிட்டார்கள். அக்காவும் போனாள். குழந்தையை வேப்பமரத்தில் சேலைத் தொட்டில் கட்டிப் போட்டிருந்தாள். பால் கொடுக்க எழுந்து வரும்போது, மரத்துக்கு வருமுன்பே மயங்கி விழுந்துவிட்டாள். கடைக்குப் போன் வந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

நர்ஸ் அவள் கண் இமையைக் கீழே இழுத்து அத்தானுக்குக் காட்டினார். "இப்படி வெளுத்துக் கெடக்கு. வீட்ல சாப்பாடு குடுக்கீங்களா இல்லையா?"

"சாப்பிடுதாளே மேடம். மூணு நேரமும் சோறு சாப்பிடுதா."

அவர் பொய் சொல்லவில்லை.

கடைக்கு லீவு போட்டுச் சில வாரம் அக்காவோடேயே இருந்தேன். ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்த நாட்களில் குழந்தை என்னிடம் பாட்டில் பால் குடித்தது. வீடு திரும்பியதும் அவள் ஆசையாக மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தை சப்பிப் பார்த்தது, வீறிட்டு அழுதது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சொன்னபடி முருங்கைக்கீரையும் பருப்பும் பாலும் கொடுத்தோம். மாமியாரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். தினமும் அக்கா முயன்று பார்த்தாள். பால் வரவில்லை.

"ஏட்டி, எம்மேல கோவமா இவளுக்கு?"

"பசிக்கா. வேற ஒண்ணுமில்ல."

அக்கா ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு அவள் முயலவில்லை. பாட்டிலை நான்தான் கொடுத்தேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. தாமதமாகத்தான் நடந்தாள், சளி விட்டபாடில்லை. அக்கா இப்போது மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். போன ஞாயிறு போய், இந்த முறை இப்போதே என்னோடு வந்து இரு என்றேன்.

"ரெண்டு பிள்ளையள விட்டுட்டு எங்கன வர?"

"கூட்டிட்டு வா."

"இங்க அவியளுக்கும் அத்தைக்கும் யாரு பொங்கிப் போடுவா?" என்றவள், உலையில் அரிசி போட எழுந்து போனாள்.