வளரக் கூடாத கிண்ணம்

அண்ணன் இரண்டு பனியன் போட ஆரம்பித்ததைக் கவனித்தது நான்தான். வெயில் மண்டையைப் பிளக்கிறது, இந்த மனுஷன் பனியன் மேல் பனியன். கேட்டால் எரிந்து விழுவான். ஓசூரில் அவர்கள் வீட்டில்தான் அப்போது நானும் இருந்தேன். கடைசியில் அண்ணி சமையலறையில் வைத்துச் சொன்னாள்.

"உங்கண்ணனுக்கு மாரு வீங்குது கண்ணு, பொம்பளைங்களுக்காட்டம். வெளிய சொல்லிடாத, மானம் போயிடும்."

அவன் ஹார்மோன் மாத்திரைக் கம்பெனியில் தூள் கலப்பவன். தூள்தான் காரணம், கம்பெனியில் போய்க் கேள் என்று அவனிடம் சொன்னேன். "என்னா ஆதாரம் இருக்குது? இருக்கற வேலையும் போவட்டுமா?" என்று கத்தினான். எனக்கு வந்ததே கோபம்! நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அந்த ஆதாரம் கிடைக்கும். மார்பகப் புற்றுநோய்ச் செல்களை அங்கே கிண்ணங்களில் வளர்த்தோம். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் துளி பட்டாலும் அவை மளமளவென்று பெருகும். இல்லையென்றால் சும்மா கிடக்கும். வெளியிலிருந்து வரும் ரசாயனங்களை இப்படித்தான் சோதிப்போம்.

அண்ணனின் வேலைச் சட்டையில் ஒரு துண்டு வெட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்கத் தூள் படாத துணி ஒன்றும் வேண்டும். அண்ணி தன் நாலு வயது மகளின் பழைய கவுனைக் கொடுத்தாள். இரண்டையும் தனித்தனியே ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து, செல்களுக்குக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சட்டைக் கிண்ணத்தில் செல்கள் அப்பிக் கிடந்தன. அப்பாடா என்றிருந்தது. கவுன் கிண்ணத்திலும் அப்படியே. வெறும் ஆல்கஹால் விட்ட மூன்றாவது கிண்ணத்தில் மட்டும் ஒன்றும் வளரவில்லை.

"சுத்தமான துணிக்கே வளந்திடுச்சுன்னா டெஸ்ட் செல்லாதும்மா. எங்கயோ கை தப்பியிருக்கு, கொட்டிடு" என்றார் மேலதிகாரி.

என் கை தப்பாது. ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்து அண்ணியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கவுன எதோட சேத்துத் தொவச்சீங்க?"

"எல்லாத்தயும் ஒரே பக்கெட்லதான் ஊற வெக்கறேன். தண்ணி வர்ற லட்சணத்துக்கு ஆளுக்கொரு பக்கெட்டா வெப்பாங்க? ஏன், என்னாச்சு?"

அண்ணன் சட்டைத் தூள் பக்கெட் தண்ணீரில் கரைந்து கவுனிலும் ஏறியிருக்கிறது. குழந்தையைக் கூப்பிட்டு, போட்டிருந்த கவுனைக் கழற்றப் போனேன். கை மார்பில் பட்டதும் துள்ளி விலகினாள்.

"அங்க தொடாத அத்த. வலிக்குது."

அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நேரம் பார்த்து அண்ணன் வேலைச் சட்டையோடு உள்ளே வந்தான். "அப்பா" என்று குழந்தை ஓடியது. அவன் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

"தூக்காத அண்ணா!" என்று அலறினேன்.