'த' என்ற சின்னச் சொல்

சுனாமிக்கு அடுத்த ஆண்டு நான் ஒரு வெளிநாட்டு வீடமைப்பு நிறுவனத்தில் வேலை செய்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் அளக்கவும் படம் வரையவும் படித்திருந்தேன். அத்திவாரங்களைப் பார்ப்பதுதான் வேலை என்று சொல்லி நியமனம் தந்தார்கள். ஆனால் எங்கள் இஞ்சினியருக்குத் தமிழ் தெரியாது. மேசன்மாருக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான் நின்றேன்.

முதல் வாரமே சறுக்கினேன். பெரியகல்லாற்றில் பாதியில் நின்ற ஒரு சுவரைப் பார்த்துவிட்டு, மேசன்மார் 'ஹார்ட்லி' வேலை செய்திருக்கிறார்கள் என்றார் இஞ்சினியர். 'ஹார்ட்' என்றால் கடினம்தானே. "நல்லாக் கஷ்டப்பட்டு வேலை செய்திருக்கிறீங்களாம்" என்று சொல்லிவிட்டேன். தலைமை மேசன் துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"மனிசனுக்குக் கண் தெரியிது. அப்ப வாங்க, தேத்தண்ணி குடிப்பம்."

எல்லோரும் நிழலுக்குப் போய்விட்டார்கள். வேலையே செய்யவில்லை என்று சொன்ன இஞ்சினியர் வாய் திறந்தபடி நின்றார். நான் அவரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன்.

அன்று மாலை ஒரு கொப்பி வாங்கினேன். எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு மனம் அடங்கும். பக்கத்தின் நடுவே கோடு, இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதைப்போல ஒலிக்கும் இன்னொன்று. 'ஹார்ட்', 'ஹார்ட்லி'. 'லேட்', 'லேட்லி'. 'யூஸ்ட் டு' என்பதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். அதற்கு முன்னால் ஓர் 'இஸ்' வந்தால் அந்த மனிதருக்குக் கடல் பழகிவிட்டது. வராவிட்டால் அவர் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அந்த வருடம் எங்கள் கரையில் இரண்டு வகையினரும் இருந்தார்கள்.

'அவுட் ஒஃப் குவெஸ்ஷன்' அந்தக் கொப்பியில் இல்லை. அது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். சாதாரண தரப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது: 'சந்தேகத்துக்கு இடமில்லாதது'.

எங்கள் பயனாளிகள் பட்டியலில் முப்பத்தோராம் இலக்கம் ஓர் அக்கா. கணவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகளோடு தற்காலிகக் கொட்டிலில் இருந்தார். வாவிக்கரைப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த வீட்டுத்திட்டத்தில் அவர் பெயருக்கு ஒரு வீடு இருந்தது. அவர் கேட்டது வேறு.

"புள்ள, அந்த வெள்ளைக்காரரிட்டக் கேளு. என்ர வளவுக்குள்ளயே கட்டித் தருவாரா?"

கடலோரத்தில் இருந்த அந்த வளவு அவருக்கு அவருடைய அம்மா கொடுத்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணத்தோடு மகளுக்குப் போய்விடும். திட்டத்தில் கிடைக்கும் துண்டுக் காணியில் ஒரு வீடுதான் நிற்கும். சொந்த வளவு என்றால் பிறகு இன்னொன்று எழுப்பலாம், இரண்டு பிள்ளைகளுக்கும் ஆகும். கரையில் இருந்து எவ்வளவு தூரத்துக்குள் வீடு கட்டக்கூடாது, அந்தக் கடலோரத் தடைக் கோடு எங்கே விழும் என்று அப்போது நாளுக்கொரு கதை இருந்தது.

இஞ்சினியரிடம் கேட்டேன். ஜீப்பின் மேல் விரித்த வரைபடத்தில் இருந்து தலை நிமிராமல், 'அவுட் ஒஃப் த குவெஸ்ஷன்' என்றார். கடற்காற்றில் நடுவில் இருந்த 'த' என் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் கணக்கில் எடுத்திருக்க மாட்டேன். தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லை.

"கேள்விக்கே இடமில்லையாம் அக்கா. கட்டித் தருவாராம்."

அக்கா மறுநாளே களுவாஞ்சிக்குடிப் பிரதேச செயலகக் கந்தோரில் கடிதம் கொடுத்தார், திட்ட வீடு வேண்டாம் என்று. அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன், வடிவான எழுத்தில்.

நாலு நாள் கழித்து, அந்த வளவில் அத்திவாரத்துக்கு எப்போது ஆப்பு அடிப்பது என்று இஞ்சினியரிடம் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. நான் அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அவர் பேனையை எடுத்து ஒரு தாளில் இரண்டு வரி எழுதி, ஒன்றில் இருந்த 'த'வை வட்டமிட்டார். அது இருந்தால், நடக்கவே நடக்காது. இல்லாவிட்டால், சந்தேகமே இல்லை. 'த' இல்லாததை இப்போது பழைய புத்தகங்களில்தான் காணலாம். பிறகு, நாளைக்குப் பட்டியல் கையெழுத்தாகிறது, 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்றார். அது வருத்தத்தைச் சொல்லும் முறை என்று எனக்குத் தெரியும். பயந்தது நான்தான்.

பஸ் எடுத்துப் போனேன். அக்கா கொட்டில் வாசலில் வாவியில் பிடித்த யப்பான் மீனுக்குச் செதில் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அவர் ஏலாது எண்டுதான் சொன்னவர்."

கத்தி நின்றது. "நீதானே சொன்னாய், கேள்வியே இல்லையெண்டு."

"நடுவில ஒரு சின்னச் சொல்லு இருந்திரிக்கி. அத நான் விட்டுட்டன்."

"என்ன சொல்லு?"

"த."

"அதுக்கு என்ன கருத்து?"

"தனியா ஒரு கருத்தும் இல்லக்கா."

உள்ளே இருந்து மூத்த மகள் சிரித்துவிட்டாள். "நீ வாயப் பொத்து" என்றார் அக்கா அந்தப் பக்கம் திரும்பாமல். பிறகு என்னிடம், "கருத்தில்லாத சொல்லுக்கு என்ர வீடு போச்சா?" என்றார்.

நான் வாசல் மண்ணில் குந்தினேன்.

"மறுகா என்ன செய்யப் போறாய்?"

"நாளைக்கு வெள்ளனக் கந்தோருக்குப் போவம். பிழை என்ர எண்டு எழுதித் தாறன்."

"உன்ர வேல?"

"தெரியா."

அக்கா கையைக் கழுவினார். "எனக்கு உன்னோட கோவம். இருந்து தின்னுட்டுப் போ. மூஞ்சி வெளிறிக் கிடக்கு."

காலையில் கந்தோரில் எழுதுவினைஞர் கோவையைப் புரட்டினார். வேண்டாம் என்ற கடிதம் உள்ளே போய்விட்டது, வெளியே எடுக்க நிறுவனத்தின் கடிதம் வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில் என்றார். அங்கே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதினேன். இஞ்சினியர் என்ன சொன்னார், நான் எப்படி மாற்றிச் சொன்னேன், அக்கா அதை நம்பியே வீட்டை விட்டார் என்று. அக்கா தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தத் 'த' போட்டியா?"

"போட்டன்."

"எங்க, காட்டு."

காட்டினேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அக்கா அதில் விரலை வைத்து, மூன்று எழுத்தையும் எண்ணிப் பார்த்தார்.

இஞ்சினியரிடம் கொண்டுபோனபோது கீழே அவரும் ஒரு வரி எழுதினார்: கேள்வி கேட்டவரின் முகத்தைப் பார்த்து நான் பதில் சொல்லவில்லை. என் வேலை போகவில்லை. அந்த வீடு இன்னும் யாருக்கும் கொடுபடாமல் இருந்ததால், தட்டச்சுப் பட்டியலின் அடியில் முப்பத்தோராம் இலக்கத்தைப் பேனையால் எழுதிச் சேர்த்தார்கள்.

அந்த வீடு பிறகு மூத்த மகளுக்குப் போனது. கடலோரத் தடையும் காலப்போக்கில் தளர்ந்தது. யுத்தம் முடிந்த பிறகு அக்கா தன் வளவில், பழைய கிணற்றுக்குப் பக்கத்தில், இளைய மகளுக்கு இரண்டு அறை எழுப்பினார். கட்டி முடிந்ததும் எனக்குப் போன் எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை குடிபூரல். வருவியா புள்ள?"

"கேள்வியே இல்லக்கா."

"எது? 'த' போட்டதா, போடாததா?"

"வாறன் அக்கா."

"அப்பிடிச் சொல்லு. வெள்ளன வா, பால் காய்ச்சணும்."