வட்டத்தில் அம்மா உட்காரவில்லை

எங்கள் தெருவைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. வயதானால் இதெல்லாம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஈஜிபுரா என்ற பகுதியில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து ஒன்றில் குடியிருந்தோம். சந்து போய்ச் சேரும் பெரிய தெருவில், நடைபாதை மேல் ஒரு புங்கமரம். அதன் கீழே அம்மாவின் இஸ்திரி வண்டி. அப்பா லாரியில் ஏறிப் போனால் திரும்ப எத்தனை நாளாகும் என்று அவருக்கே தெரியாது. ஆகவே எங்கள் வீடு ஓடியது அந்த வண்டியால்தான்.

இஸ்திரிப் பெட்டியில் அம்மா கரியோடு கொட்டாங்குச்சியும் போடுவாள். சீக்கிரம் பற்றிக்கொள்ளும், விலை கொடுத்து வாங்கவும் வேண்டாம். துணி வாங்கப் போகிற வீடுகளிலும், சட்னிக்குத் தேங்காய் உடைக்கிற தெருமுனை ஓட்டலிலும் கேட்டு வாங்கி வருவாள். வெயிலில் காயவைத்து மூட்டை கட்டி, மரத்தை ஒட்டிய காலி மனையில் அடுக்கி, மேலே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிடுவாள். மழைக்காலம் முழுக்க அதுதான் எரியும்.

ஒரு சனிக்கிழமை மதியம் பள்ளி விட்டு வந்தபோது அந்தக் காலி மனை கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. ஏதோ ஒரு பெரிய கம்பெனியிலிருந்து வந்த அண்ணன்களும் அக்காக்களும், எல்லாருக்கும் ஒரே மஞ்சள் டீ ஷர்ட், மனையின் நடுவே பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். டெங்கு பரவியிருந்த சமயம். கொசுவை ஒழிக்க வந்தவர்கள். வேலை முடிந்துவிட்டது, இனி மனம் திறந்து பேசும் நேரம். என்ன செய்தோம், அதில் என்ன உணர்ந்தோம் என்று ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டும். அப்போதுதான் செய்த சேவை உடம்பில் ஒட்டும் என்பது அவர்கள் வழக்கமாம். கழுத்தில் விசில் தொங்கிய ஓர் அக்கா அதை நடத்திக்கொண்டிருந்தார். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். பக்கத்தில் பள்ளிப் பையோடு நிற்கும் எனக்குப் புரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இங்கே ஒருவரிடமும் ஒன்றும் இல்லை, ஆனாலும் எப்படிச் சிரிக்கிறார்கள், வாழ்க்கையை இன்று நான் கற்றுக்கொண்டேன் என்றார் ஒரு அக்கா. எல்லாரும் கைதட்டினார்கள். எங்களிடம் ஒன்றும் இல்லை என்பது எனக்கு அன்றுவரை தெரியாத செய்தி. டிவி இருந்தது, கட்டில் இருந்தது, எனக்கென்று தனியாக ஒரு மேசைகூட இருந்தது.

அடுத்து தாடி வைத்த ஒரு அண்ணன் பேசினார். இந்த மூலையில் தேங்காய் ஓடு மூட்டை மூட்டையாகக் கிடந்தது, அதில் தண்ணீர் தேங்கினால் கொசு வரும் என்றுகூட இவர்களுக்குத் தெரியவில்லை, எல்லாவற்றையும் நானே தூக்கிக் குப்பை லாரியில் போட்டேன், மனநிறைவாக இருக்கிறது என்றார். அதற்கும் கைதட்டல்.

செருப்போடு பாயில் ஏறி வட்டத்துக்குள் போய் நின்றேன். "அது குப்பை இல்லை. அது எங்கம்மாவோடது" என்றேன். என் ஆங்கிலத்தில் பாதி கோபம், பாதி இலக்கணப் பிழை.

தாடிக்கார அண்ணன் சட்டென்று தமிழுக்கு வந்தார். "இல்ல பாப்பா, அதுல கொசு முட்டை போடும்."

"தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம். நீங்கதானே அவுத்தீங்க? உள்ளே தண்ணி இருந்துதா?"

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். விசில் அக்கா மெதுவாக, "எடுக்கறதுக்கு முன்னாடி யாராவது யாரையாவது கேட்டீங்களா?" என்று வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு ஜூஸ் டப்பாவின் அடியைக் குழல் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நேரம் பார்த்து, வீடுகளில் துணி கொடுத்துவிட்டு அம்மா வந்தாள். வெறும் மூலையைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

விசில் அக்கா எழுந்து தன் இடத்தைக் காட்டினார். "வாங்கம்மா, உக்காருங்க. தப்பு எங்க மேலதான். உங்க மனசுல இருக்கறத சொல்லுங்க, இவங்க கேக்கட்டும்."

போன் அம்மா பக்கம் திரும்பியது. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். சும்மா கெடந்த ஓடு. நீங்க எடுத்துப் போட்டது நல்லதாப் போச்சு. இவ சின்னப் பொண்ணு, தெரியாம பேசுறா." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். சிரித்துக்கொண்டே இழுத்தாள். வட்டமே நிம்மதியாக மூச்சு விட்டது. எனக்கோ, மூட்டையைத் தூக்கியவரைவிட அம்மா மேல்தான் ஆத்திரம் பொங்கியது.

விசில் அக்கா நம்பவில்லை போலிருக்கிறது. இரண்டு நாள் கழித்து டீ ஷர்ட் இல்லாமல், கையில் ஒரு சேலையோடு தனியாக வந்து வண்டியருகே வெகுநேரம் நின்றார். அம்மா இஸ்திரி போட்டபடியே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை அவர்கள் வந்ததும் துடைப்பத்தைத் தொடவில்லை, முதலில் வட்டம் போட்டார்கள். யாரைக் கேட்பது, என்ன கேட்பது என்றுதான் பேச்சு. பிறகு இரண்டிரண்டு பேராக வீடு வீடாகப் போனார்கள். சந்துக்குள் குப்பை வண்டியே நுழைவதில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. எங்கள் ஆட்களோடு வார்டு ஆபீசுக்கும் போனார்கள். கொஞ்ச நாளில் சிறிய தள்ளுவண்டி ஒன்று சந்துக்குள் வரத் தொடங்கியது. அதை நான் மறுக்கவில்லை.

தாடிக்கார அண்ணனும் ஒரு சாக்கு மூட்டையை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தார். அவர் குடியிருப்பில் வீடு வீடாகக் கேட்டு வாங்கியதாம். அம்மா பிரித்துப் பார்த்தாள். முக்கால்வாசி இளநீர் மட்டை. பச்சையாக, ஈரம் சொட்டச் சொட்ட.

"இது எரியாது தம்பி" என்றாள் அம்மா. அவர் முகம் விழுந்ததும், "பரவால்ல, வெச்சிட்டுப் போங்க, காஞ்சா ஆகும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவர் அன்று வட்டத்தில் இதையும் சொல்லி, எல்லாரையும் சிரிக்கவைத்து, தன் அறியாமையை ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த மழைக்காலம் முழுக்க அம்மா கரியை விலைக்கு வாங்கித்தான் பெட்டியைச் சூடாக்கினாள். அவர்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. பாடத்துக்கான செலவு எங்கள் தலையில் விழுந்தது. அதை எந்த வட்டத்திலும் யாரும் பேசிக் கேட்கவில்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம், அடக்கிவைத்ததை அம்மாவிடம் கேட்டே விட்டேன்.

"அன்னிக்கு ஏம்மா பொய் சொன்ன?"

அம்மா சட்டைக் காலரில் தண்ணீர் தெளித்தாள். "வண்டி நிக்கிற எடம் நம்முளுதா?"

"இல்ல."

"போன்ல படம் புடிச்சிட்டிருந்தாங்க, பாத்தியா?"

அவ்வளவுதான் சொன்னாள். மேலே கேட்டால் அடி விழும் என்பது போலப் பெட்டியை அழுத்தினாள். நடைபாதையில் நிற்கிற வண்டி அதிகாரிகள் கண்ணில் படாத வரைக்கும்தான் நிற்கும், அந்தப் படம் யார் யார் கைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் இருந்தது. அன்று அம்மா கட்டியிருந்தது சாயம் போன சேலை. படத்தில் நன்றாக விழமாட்டோம் என்று வெட்கப்பட்டிருக்கிறாள் என்று நானாக முடிவு செய்தேன். போயும் போயும் ஒரு சேலைக்காகவா என்று, அதற்கும் சேர்த்து அவள் மேல் கோபப்பட்டேன்.